அடைமழையில் ஒரு சிப்பிப்பாறை

விடியற்காலை ஐந்தேகால் மணிக்குச் செவலை கதவடியில் வந்து நிற்பான். ஆணியில் தொங்கும் வாரை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பான். பிறகு என்னைப் பார்ப்பான். 2021 நவம்பரில் ஏறக்குறைய மாதம் முழுவதும் அந்தப் பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை. வடகிழக்குப் பருவமழை சென்னைக்குப் புதிதில்லை என்றாலும், அந்த ஒரு மாதத்தில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. நாங்கள் குடியிருக்கும் மடிப்பாக்கத்துத் தெருவில் தண்ணீர் வடிவதும், வடிந்த இடத்தில் மறுபடி ஏறுவதுமாகவே நாட்கள் போயின.

செவலைக்கு அப்போது பத்து மாதம். கோவில்பட்டிப் பக்கம் என் சித்தப்பா வீட்டில் ஈன்ற சிப்பிப்பாறை இன வேட்டைநாய்க் குட்டிகளில் ஒருவன். செம்மண் நிறம் என்பதால் ஊரில் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. முதல் மாடி வாடகை வீட்டில் இந்த இனத்தை வளர்க்கலாமா என்று பலரும் கேட்டார்கள். காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் முக்கால் மணி நேரம் வெளியே அழைத்துப் போனால் போதும் என்று நான் நம்பியிருந்தேன். மழை அந்தக் கணக்கைக் கலைத்தது. அடைபட்ட இரண்டாம் நாள் மிதியடி போயிற்று. மூன்றாம் நாள் என் மகனின் பள்ளிக் காலணி. நான்காம் நாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் சோபாத் திண்டின் உள்ளே இருந்த தேங்காய்நார் முழுவதும் கூடத்தில் பரவிக் கிடக்க, அதன் நடுவே அவன் நிம்மதியாகப் படுத்திருந்தான். நான் அதட்டுவதற்கு வாயெடுத்தபோது அம்மாதான் தடுத்தார்.

"அதை ஏண்டா வையுற? காட்டுல முசலுக்குப் பின்னால ஓடுன சாதி. மாடுன்னா கட்டுத்தறியில நின்னு அசைபோடும். இது எதைப் போடும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு நான் கண்டுபிடித்த முதல் விடை முற்றிலும் தவறானது. ஓட முடியாததுதானே குறை, வீட்டுக்குள்ளேயே ஓடவிட்டால் ஆயிற்று என்று எண்ணி, சாப்பாட்டு மேசையை ஓரம் தள்ளிவிட்டு, கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு டென்னிஸ் பந்தை உருட்டிவிட ஆரம்பித்தேன். இரண்டு நாட்கள் பிரமாதமாக நடந்தது. மூன்றாம் நாள், பந்தைப் பிடித்துவிட்டுத் திரும்பும்போது வழவழப்பான டைல்ஸ் தரையில் அவனுடைய பின்னங்கால்கள் இரண்டும் வெவ்வேறு திசையில் வழுக்கின. ஒரு சிறு கத்தல். பிறகு இடது பின்காலைத் தரையில் ஊன்றாமல் நின்றான். கால்நடை மருத்துவர் சோதித்துப் பார்த்து, எலும்புக்கும் முழங்கால் தசைநாருக்கும் பழுதில்லை, தசைப்பிடிப்புதான் என்றார். பத்து நாட்கள் ஓட்டமும் தாவலும் கூடாது, மாடிப்படியில் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்றும் சொன்னார்.

ஓடுவதற்கென்றே பிறந்த நாயைப் பத்து நாட்கள் ஓடாமல் வைத்திருப்பது எப்படி என்று நான் கேட்டபோது, அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டார்: "வெளிய கூட்டிட்டுப் போறப்ப அவன் எவ்வளவு நேரம் நடக்கிறான், எவ்வளவு நேரம் மோந்து பாக்குறான்னு என்னைக்காவது கவனிச்சிருக்கீங்களா சார்?"

கவனித்ததில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தபோது, எங்கள் முக்கால் மணி நேர நடையில் பாதிக்கு மேல் மின்கம்பத்தடியிலும் மதிற்சுவர் ஓரத்திலும் குப்பைத்தொட்டி அருகிலும்தான் கழிந்திருக்கிறது என்பதும், அங்கெல்லாம் பொறுமையிழந்து வாரைச் சுண்டி இழுத்தவன் நான்தான் என்பதும் உறைத்தன. சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் இனமாயிற்றே, மோப்பம் அதற்கு அவ்வளவு முக்கியமா என்று அவரிடமே கேட்டேன். மனித மூக்கில் மணத்தை உணரும் ஏற்பிகள் 50, 60 லட்சம் அளவில் இருக்க, நாய்களுக்கு அது கோடிக்கணக்கில் இருக்கிறது, பல இனங்களில் 20 கோடியையும் தாண்டும் என்று விளக்கினார். கண்ணால் துரத்தும் நாய்க்கும் உலகம் மூக்கின் வழியாகத்தான் வந்து சேர்கிறது. மழைக்காலத்தில் நாங்கள் அவனுடைய காலை மட்டும் கட்டிப்போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் மூக்கையும் சேர்த்தே கட்டிப்போட்டிருந்தோம்.

அன்று மாலையே தொடங்கிய விளையாட்டு இன்றுவரை எங்கள் வீட்டில் நடக்கிறது. அதற்குத் தேவைப்பட்டவை மூன்று கொட்டாங்குச்சிகள், ஒரு கோணிச்சாக்கு, வேகவைத்த கோழி ஈரல் கொஞ்சம். கொட்டாங்குச்சி யோசனை அம்மாவுடையது. ஓரங்களில் சிம்பு குத்தாமல் இருக்க அவற்றை வாசற்படிக் கல்லில் தேய்த்து மழுக்கித் தந்தவரும் அவர்தான். தேங்காயின் மூன்று கண்களில் மென்மையான ஒன்றை ஆணியால் குத்தித் திறந்துவிட்டால், கவிழ்த்து வைத்த மூடிக்குள் இருக்கும் பண்டத்தின் வாசனை அந்தத் துளை வழியாகக் கசியும். தரையில் நேரடியாக வைத்தால் மூடிகள் வழுக்கி ஓடுவதோடு, அவற்றைத் துரத்தி அவனும் வழுக்குவான். ஆகவே கோணிச்சாக்கை விரித்து அதன்மேல் வைத்தோம்.

கொண்டைக்கடலை அளவு ஈரல் துண்டு ஒன்றை அவன் பார்க்கும்படியாக ஒரு மூடிக்குள் வைத்துக் கவிழ்த்தேன். முதல் நாள் அவனுக்கு மோப்பம் நினைவுக்கே வரவில்லை. மூன்றையும் முன்னங்காலால் தட்டி உருட்டிவிட்டு, கிடைத்ததை விழுங்கினான். இரண்டாம் நாள் அவனை அடுத்த அறையில் வைத்துவிட்டு மறைத்தேன். வந்தவன் முதல் மூடியைத் தட்டினான், ஒன்றுமில்லை; இரண்டாவதைத் தட்டுவதற்குத் தூக்கிய கால் அந்தரத்தில் நிற்க, தலை தாழ்ந்தது. மூக்கின் இரு ஓரங்களும் விரிந்து சுருங்கும் சத்தம் எனக்கே கேட்டது. அந்தச் சிறு துளையின்மேல் மூக்கை வைத்து இரண்டு முறை இழுத்தான், அடுத்ததற்குப் போனான், ஒருமுறை இழுத்தான், மூக்காலேயே மூடியைப் புரட்டிப்போட்டான். அதற்குப் பிறகு ஒருபோதும் அவன் குத்துமதிப்பாகத் தட்டியதில்லை.

விளையாட்டை எளிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாக்குவதில்தான் பலன் இருக்கிறது. ஒரு வாரத்தில் மூன்று மூடிகள் ஆறாயின. பிறகு அவை மூன்று அறைகளுக்கும் பரவின. அதன்பின் கட்டிலுக்கு அடியிலும், அரிசி டின்னுக்குப் பின்னாலும், தாழ்வான அலமாரித் தட்டிலும் ஏறின. கண்டுபிடிக்க முடியாமல் அவன் என் முகத்தைப் பார்த்து நின்றால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது என்று பொருள். உடனே ஓர் எளிய இடத்தில் வைத்து, வெற்றியோடு முடித்துவிட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் இப்படித் தேடியவன், முக்கால் மணி நேரம் தெருவில் நடந்துவிட்டு வந்த நாளைவிட நன்றாகத் தூங்கினான். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. கால் சரியான பிறகும், மழை விட்ட பிறகும் இந்த விளையாட்டை நாங்கள் நிறுத்தாததற்குக் காரணம் இதுதான்.

இதன் தொடர்ச்சியாக, தட்டில் சோறு வைப்பதை மழை நாட்களில் பாதியாகக் குறைத்துவிட்டேன். பழைய தேங்காய்ப்பூத் துண்டை விரித்து, கோழித் துண்டுகளையும் வெந்த சர்க்கரைவள்ளிக்கிழங்குத் துண்டுகளையும் தூவி, பாயைப் போல் இறுக்கமாகச் சுருட்டி வைத்தால், அதை மூக்காலும் காலாலும் பிரித்து உண்ண அவனுக்குக் கால் மணி நேரம் ஆகிறது. முட்டைக் கடையில் கிடைக்கும் அட்டைத் தட்டின் குழிகளில் உணவை வைத்து, மேலே இன்னோர் அட்டையைக் கவிழ்ப்பதும் உண்டு. அட்டையைக் கிழிப்பதே அவனுக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அவன் கிழிப்பதோடு நிறுத்துகிறவன். விழுங்குகிற நாயாக இருந்தால் அட்டையும் துண்டும் வேண்டாம். நடுவில் குடைவுள்ள கெட்டி ரப்பர் பொம்மையில் உப்பில்லாத தயிர்ச்சோற்றை அடைத்து உறைய வைத்துக் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பானது என்பது என் கருத்து. நக்குவதிலும் மெல்லுவதிலும் நாய்க்கு ஓர் அமைதி வருகிறது.

இங்கே ஒரு கணக்கை மறக்கக்கூடாது. விளையாட்டில் கொடுத்ததை வேளைச் சோற்றிலிருந்து கழிக்க வேண்டும். முதல் பருவத்தில் நான் கழிக்கவில்லை. விலா எலும்பு தெரிவதே அழகான இனத்தில் விலா மறைந்துபோனது. தாளித்ததும் வெங்காயம், பூண்டு சேர்ந்ததுமான நம் வீட்டுக் குழம்புச் சோறு இதற்கு உதவாது. திராட்சை, சாக்லேட் ஆகியவை நஞ்சு. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். தேங்காய் மட்டையைக் கடிக்கக் கொடுப்பது நம் பக்கத்தில் வழக்கமாக இருந்தாலும், நார் வயிற்றில் சேர்ந்து குடலை அடைத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து நான் கொடுப்பதில்லை. தவிர, சிப்பிப்பாறையைப் போல் நெஞ்சு ஆழமாக இருக்கும் நாய்களுக்கு வயிறு நிறைந்த நிலையில் துள்ளாட்டம் போட்டால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் கூடுதல் என்பதால், சோற்றுக்குப் பின் ஒரு மணி நேரமாவது அவனைச் சும்மா விட்டுவிடுவோம்.

என்னுடைய இரண்டாவது தவறு முதலாவதற்கு நேர் எதிரானது. விளையாட்டுகள் பலிக்கின்றன என்று கண்டதும், அவன் எழுந்து நின்றபோதெல்லாம் ஏதாவதொன்றைத் தொடங்கிவிடுவேன். வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்த்த காலம் அது என்பதால் நாளைக்கு ஆறேழு முறைகூட நடந்தது. ஒரே வாரத்தில், நான் மடிக்கணினி முன் அமர்ந்தால் முழங்கையை மூக்கால் இடித்து எழுப்பவும், எழுந்திருக்காவிட்டால் குரைக்கவும் கற்றுக்கொண்டான். சலிப்பைப் போக்கப் போய், நிற்காமல் வேடிக்கை கேட்கும் ஒரு பழக்கத்தை நானே ஊட்டிவிட்டேன். பிறகு நேரத்தை வரையறுத்தோம்: விடிந்ததும் மூக்கு விளையாட்டு, மாலையில் என் மகனோடு ஒளிந்து பிடித்தல், இரவு உறைந்த தயிர்ச்சோறு. இடைப்பட்ட நேரம் உறங்குவதற்கு. நாய்கள் நாளில் பாதிக்கு மேல் உறங்கவோ ஓய்வெடுக்கவோ கூடியவை. அதைக் கெடுத்துக்கொண்டிருந்தது நான்தான். இரண்டு நாட்கள் குரைத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் ஓய்ந்தான்.

ஒளிந்து பிடிப்பதில் ஒரே ஒரு விதி: நாய் தேடும்போது ஒளிந்திருப்பவன் சிரிக்கக்கூடாது. என் மகனுக்கு அது எந்நாளும் கைவந்ததில்லை.

மழைக்கோட்டுப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். விலை கொடுத்து ஒன்று வாங்கினேன். அணிவித்தால் செவலை சிலையாக நின்றுவிடுவான், ஓர் அடி எடுத்து வைக்கமாட்டான். தொலைக்காட்சியில் அணிலும் பறவையும் ஓடும் காணொளிகளைப் போட்டுப் பார்த்ததும் வீண். பத்து நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, அணில் போன இடத்தைத் தேடித் தொலைக்காட்சிக்குப் பின்னால் இருந்த கம்பிகளை இழுத்துவிட்டான்.

உண்மையான சிக்கல் விளையாட்டில் இல்லை, கழிப்பதில் இருக்கிறது. ஈரத்தில் கால் வைக்கப் பிடிக்காத நாய் பன்னிரண்டு மணி நேரம்கூடச் சிறுநீரை அடக்கிக்கொண்டிருக்கும். அது சிறுநீர்த்தொற்றில் கொண்டுபோய் விடக்கூடும். இதற்கான பயிற்சியை மழையில் தொடங்கினால் நடக்காது. 2022 கோடையில் மொட்டை மாடியின் படிக்கட்டுக் கூரைக்கு அடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியில் தெருவோர மண்ணையும் புல்லையும் நிரப்பி, அவன் வழக்கமாகக் காலைத் தூக்கும் இடத்து மண்ணில் ஒரு கை அள்ளி அதில் கலந்து, ஒவ்வொரு காலையும் முதலில் அங்கே அழைத்துச் சென்றேன். ஒத்துக்கொள்ள மூன்று வாரம் ஆயிற்று. வீட்டுக்காரர் முகம் சுளித்தார். தினமும் கழுவுகிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தத் தொட்டியின் அருமை மறு ஆண்டு தெரிந்தது.

2023 டிசம்பர் 3ஆம் தேதி இரவு தொடங்கி 4ஆம் தேதி முழுவதும் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் நின்றுகொண்டு மழையைக் கொட்டியது. 5ஆம் தேதி அது ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் மூன்று நாட்கள் இல்லை. கீழ் வீட்டில் வெள்ளம் புகுந்ததால் வீட்டுக்காரர் குடும்பத்தில் நால்வரும் எங்களோடு மேலே வந்து தங்கினார்கள். அவர்களில் பாட்டிக்கு நாய் என்றாலே நடுக்கம். எட்டுப் பேரும் ஒரு நாயும் இரண்டு படுக்கையறை வீட்டில். குளிர்பெட்டி அணைந்துவிட்டதால் ஈரலும் இல்லை, உறைந்த தயிர்ச்சோறும் இல்லை.

முதல் இரவு இடி. இடிக்குச் செவலை குளியலறையில் போய் ஒடுங்குவான். அங்கிருந்து இழுத்து வந்து விளையாட்டுக் காட்டி மறக்கடிக்கலாம் என்று முன்பு ஒருமுறை முயன்றிருக்கிறேன். பயந்திருக்கும் நாய் ஈரலைக்கூட முகராது. அவன் தேர்ந்துகொண்ட இடத்திலேயே ஒரு தடித்த போர்வையைப் போட்டு, கதவைப் பாதி சாத்தி, யாராவது பக்கத்தில் இருந்தாலே போதும். பயத்தில் இருக்கும்போது தடவிக்கொடுத்தால் பயம் பழகிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. எங்கள் அனுபவத்தில் அப்படி ஆகவில்லை. தடவினால் நடுக்கம் குறைந்தது, அவ்வளவே. அன்று அம்மா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குளியலறை வாசலில் முறத்தோடு அமர்ந்து மொச்சை உரித்தார். தோல் பிரியும் அந்தச் சீரான ஒலியைக் கேட்டுக்கொண்டே செவலை உறங்கினான். நாயைக் கண்டு நடுங்கும் பாட்டியும் சிறிது நேரத்தில் இன்னொரு முறத்தோடு அம்மாவுக்கு அருகில் வந்து அமர்ந்தார்.

மறுநாள் விளையாட்டுக்குப் பண்டமில்லை என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, என் மகன் தன் கழற்றிய காலுறையை ஒளித்து வைத்து "தேடு" என்றான். தேடினான், கண்டுபிடித்தான், பரிசாக இரண்டு நிமிடம் அதையே இழுத்துப் பறிக்கும் விளையாட்டு. பிறகு வீட்டில் இருந்த ஒவ்வொருவருடைய கைக்குட்டையும் ஒளிக்கப்பட்டது. மூன்றாம் நாள் பாட்டியின் மூக்குக்கண்ணாடி உறை காணாமல் போய், அதைச் செவலை அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தபோது, அது தற்செயலாகத் தொலைந்ததா, மகனின் வேலையா என்று யாரும் விசாரிக்கவில்லை. பாட்டி தூரத்திலிருந்தே ஒரு பிஸ்கட்டை உருட்டிவிட்டார்.

அந்த மூன்று நாட்களும் அவனைத் தெருவில் இறக்கவே இல்லை. அறுந்து கிடக்கும் மின்கம்பியும் மூடி விலகிய பாதாளச் சாக்கடையும் தண்ணீருக்கு மேலே தெரியாது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளநீர் எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும், அது நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் மழைக்கு முன்பாகவே, செப்டம்பரில், போட்டுவிடுகிறோம். மொட்டை மாடித் தொட்டியே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. அங்கும் ஒரு சோதனை வந்தது: எப்படியோ ஏறி வந்திருந்த தேரையொன்றை வாயில் கவ்வி, அடுத்த நொடி துப்பிவிட்டு, நுரை நுரையாக எச்சில் வடித்தான். தேரையின் தோலில் சுரக்கும் நஞ்சின் வேலை. தலையைத் தாழ்த்திப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாதபடி வாயின் பக்கவாட்டில் ஊற்றிப் பலமுறை கழுவி, ஈரத்துணியால் ஈறுகளைத் துடைத்தோம். அரை மணியில் நின்றது. நில்லாமல் தள்ளாட்டமோ வலிப்போ வந்திருந்தால் அந்த வெள்ளத்தில் எந்த மருத்துவரிடம் போயிருப்போம் என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு மழை நாளில் நான் முன்னால் ஏறி, டார்ச் அடித்துப் பார்த்தபின்தான் அவன் வருவான். இறங்கியதும் விரலிடுக்குகளையும் காதையும் உலர்ந்த துணியால் துடைத்து, உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் வழக்கமாயிற்று. ஈரம் தங்கும் விரலிடுக்கில் பூஞ்சை பிடிக்க அதிக நாளாகாது.

தண்ணீர் வடிந்து, சேற்றை வாரி, பிளீச்சிங் பவுடர் வாடை ஒருவழியாக அடங்கிய ஒரு காலையில் வாரை ஆணியிலிருந்து எடுத்தேன். இத்தனை நாள் அடைபட்டவன், தெருமுனை மைதானம்வரை என்னை இழுத்துக்கொண்டு ஓடப்போகிறான் என்று செருப்பை விட்டுவிட்டுக் கட்டுக்காலணி அணிந்து ஆயத்தமாக வந்திருந்தேன். வாசற்கதவைத் திறந்ததும் அவன் இரண்டடி வைத்தான். மதிற்சுவரில் வெள்ளம் நின்ற உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு படிந்திருந்தது. கதவுத்தூணிலிருந்து தொடங்கி, அந்தக் கோட்டின் மேல் மூக்கை வைத்து, ஓர் அங்குலம்கூட விடாமல் முகர்ந்துகொண்டே நகர்ந்தான். பக்கத்து வீட்டு மதில் தொடங்கும் இடத்துக்கு வர அவனுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. வாரை நான் ஒருமுறையும் சுண்டவில்லை.